கேரளப் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளும்

பள்ளியில் எந்தப் பாடநூலை வைப்பது என்பது பற்றி நம்மிடையே எழுந்த வாதங்கள் ஏராளம். பள்ளிக் கணிப்பொறியில் எந்த மென்பொருளை வைப்பது என்று கேட்டவர் மிகச் சிலரே. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அக்கேள்வி உரக்கவே எழுந்தது. எழுப்பியவருள் ஆசிரியர்கள் முன்னின்றனர்.

பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளையொட்டி, 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் அங்கே தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளோடு, திருச்சபையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும் அதில் அடங்கின. முதலில் வந்த பாடநூல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் தளத்தையே சார்ந்திருந்தது. ஆசிரியர் அமைப்பினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் இதை எதிர்த்தனர். பொதுப்பணத்தில் நடைபெறும் கல்வி, ஒரு நிறுவனத்தின் சரக்கைக் கையாளப் பழக்கும் பயிற்சியாகிவிடலாகாது என்றனர். அதே 2001-இல் திருவனந்தபுரத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றிருந்தது. ஆதலின் இவ்வாதம் அங்கே புதிதன்று.

'கட்டற்ற' என்பதற்கு இலவசம் என்று பொருள் கொள்வோர் பலர். இயக்கவும், உட்புகுந்து ஆராயவும், மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமை உண்டு என்பதே அதன் பொருள். பள்ளியில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உரிமக் கட்டுப்பாடுள்ள மென்பொருளை மாணவனுக்குப் படியெடுத்துத் தரும் ஆசிரியர் சட்டத்தை மீறுகிறார். தராதவரோ, வாங்க வசதியற்ற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புகிறார். நேர்மையைக் கற்பிக்கும் கூடங்களிலேயே திருட்டுப் படிகள் ஓடிக்கொண்டிருந்ததை நாம் அறியாதவர் அல்லோம். லினக்ஸ் குறுந்தகட்டை எவருக்கும் கூசாமல் கொடுக்கலாம்.

2005-இல் தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இடம்பெற்றது. சிறிது காலம் இரு தளங்களும் அருகருகே இருந்து, அப்பத்தாண்டு முடியுமுன் லினக்ஸே நிலைபெற்றது. அரசாணை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பிற பாடங்களைக் கற்பித்து வந்த ஆசிரியர்களே பயிற்சி பெற்று, சக ஆசிரியர்க்குப் பயிற்றுநராயினர். மென்பொருளை நிறுவுவதையும் பழுது பார்ப்பதையும் தாமே கற்றனர். எதை வைப்பது, எதை நீக்குவது என்று பாடத்துக்கேற்பத் தெரிந்து, பள்ளிக்கென்றே ஒரு தொகுப்பை அமைத்தனர். மலையாளத்தில் எழுதவும் அதில் வழி செய்யப்பட்டது. கணித வகுப்புக்கு ஜியோஜீப்ரா வந்தது. திரையில் முக்கோணத்தின் முனையொன்றை இழுத்தால் கோணங்கள் மாறும். கூட்டுத்தொகையோ 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் பத்து முக்கோணம் வரைந்து விளங்கவைப்பதைப் பிள்ளை தன் விரலாலேயே கண்டுகொள்கிறது. இத்திட்டத்தின் மெய்யான ஆதாயம் உரிமக் கட்டணத்தில் மிஞ்சிய பணமன்று, ஆசிரியர் பெற்ற இத்தேர்ச்சியே என்பேன்.

அலுவலகங்களில் விண்டோஸ் இருக்க, பிள்ளைகள் பின்தங்கமாட்டார்களா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஒன்றில் கோப்பு அமைக்கத் தெளிவாகக் கற்றவர்க்கு மற்றது சில நாள் வேலைதான்.

2017-இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் சோதனை வேறு உருவில் வந்தது. 2021-இல் இணையவழி வகுப்புகளுக்குக் கூகுள் நிறுவனத்தின் தளம், கட்டணமின்றி, ஏற்கப்பட்டது. அதன் உள்ளே நுழைந்து ஆராயவோ திருத்தவோ ஆசிரியர்க்கு உரிமை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதே மறுப்பைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் அப்போதும் எழுப்பினர்.