கோடில்லாத எல்லை: காணொளி நிறுவல் கலையும் விழுப்புரத்து நிலமும்

எல்லையைப் பேசும் இந்தியக் காணொளிக் கலை என்றதும் நினைவுக்கு வருவது இந்திய-பாகிஸ்தான் எல்லையிலுள்ள வாகா. அமர் கன்வரின் 'எ சீஸன் அவுட்சைட்' (1997) அங்கே தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைக் காட்டுகிறது. கோட்டுக்கு இப்பால் ஒரு சுமைகூலி, அப்பால் இன்னொருவர். மூட்டை தலை மாறுகிறது; கால்கள் கோட்டைத் தாண்டுவதில்லை. சிறந்த படம்தான். ஆனால் அந்தக் கோடு அத்தனை எடுப்பாக இருப்பதாலேயே, எல்லை என்றால் கோடு என்ற எண்ணத்தை ஊன்றிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டு வெடிப்புக்குப் பின் நளினி மலானி உருவாக்கிய 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்', உருது எழுத்தாளர் மண்ட்டோவின் சிறுகதையிலிருந்து கிளைத்தது. பன்னிரண்டு தகரப் பெட்டிகள், பிரிவினையில் ஊர்விட்டவர்கள் தூக்கிச் சென்ற மாதிரியானவை. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு திரை. எதிரெதிர்ச் சுவர்களில் சுவருக்கொரு பெண், இருவரும் சேர்ந்து ஒரு புடவையை மடிக்கப் பார்க்கிறார்கள். புடவை மடிப்பவர்கள் முனையைப் பிடித்தபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். விரலும் விரலும் தொட்டால்தான் மடிப்பு விழும். சுவரிலுள்ள பெண் எப்படி நடந்து வருவாள்? அவர்கள் சந்திக்க வேண்டிய இடத்தில் பார்வையாளர் நிற்கிறார். திணை மயங்கலாம், நிலம் மயங்கக்கூடாது என்ற தொல்காப்பிய விதி இங்கே அப்படியே நிற்கிறது: செயல் கலக்கிறது, சுவர்கள் கலக்கவில்லை.

நம் பக்கத்தில் நிலமே மயங்கிக் கிடக்கிறது. தொல்காப்பியர் விலக்கியதைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறினால் மதகடிப்பட்டில் புதுச்சேரி, திருபுவனையிலும் புதுச்சேரி, கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். நாட்டு எல்லை போயிற்று, நிர்வாக எல்லை தங்கிவிட்டது. அது கண்ணில் படுவது சாராயக்கடைப் பலகையிலும் வண்டி எண்ணிலும் மட்டுமே. இதைப் படம் பிடிக்கப் போகும் கேமராவுக்குக் கிடைப்பது மணிலாக் கொல்லையும் சவுக்குத் தோப்பும், இரு பக்கமும் ஒரே மாதிரி.

ஆகவே நமக்கு முன்மாதிரி மலானி அல்ல, ஷைனா ஆனந்த் என்பேன். 2006இல் தில்லி கிர்கீ பகுதியில் அவர் செய்த 'கிர்கீயான்', நான்கு இடங்களில் தொலைக்காட்சிப் பெட்டி, கண்காணிப்புக் கேமரா, மைக் வைத்து கேபிளால் இணைத்தது. ஒரே திரையின் நான்கு கால் பகுதிகளில் நான்கு இடத்தாரும் தெரிந்தார்கள், பேசிக்கொண்டார்கள். நடந்து போனால் எட்டிவிடும் தூரம். ஆனாலும் அதுவரை பேசாதவர்கள். கண்காணிக்கச் செய்த கருவி திண்ணையாயிற்று. எல்லை இங்கே படமாக வரவில்லை. யார் யாரிடம் பேசத் தயங்கினார்கள் என்பதில் வந்தது.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் அந்தத் தயக்கம் குறைவு. சென்னை நெடுஞ்சாலையில் இறங்கி மயிலம் போகிறவர்கள், முன்பின் தெரியாதவரிடம் "அண்ணா, மயிலம் வண்டி போயிடுச்சா?" என்கிறார்கள். "இப்பதான் போச்சும்மா, அடுத்தது வரும், நில்லு" என்று பதில் வருகிறது. பெயர் கேட்பதில்லை. உறவுச்சொல் ஒன்றே போதுமாயிருக்கிறது. (எந்த ஊர் என்று கேட்டபின் பேச்சு எங்கே போகும் என்பது வேறு, அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது.)

கிர்கீயானின் நான்கு பெட்டிகளில் ஒன்றை இந்தக் கூட்ரோட்டு டீக்கடை ஒன்றிலும், மற்றவற்றைக் கண்டமங்கலம், திருபுவனை, கீழூரிலும் வைத்தால் என்ன ஆகும்? கேமரா முகத்தைக் கேட்கும், ஊரையும் எழுதிக் காட்டும். "அண்ணா" என்று தொடங்கிய பேச்சு, திரையின் மூலையில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகும் அதே வாக்கில் போகுமா என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.