62 வருஷம் ரிவர்ஸ்ல

போன வாரம் காரில் வீடியோ மிரர் மாட்டினேன். பழைய கண்ணாடி மேலயே ரப்பர் பட்டையால் இறுக்கி, பின் கேமரா வயரைக் கூரை ஓரமா இழுத்து, ரிவர்ஸ் லைட்டோட இணைச்சா முடிஞ்சது. புது ஐடியான்னு நினைச்சீங்களா? 1956-லேயே பியூக் செஞ்சூரியன் என்ற கான்செப்ட் காரில் கண்ணாடியை எடுத்துட்டு டிவி கேமராவும் திரையும் வெச்சாங்க. அது விற்பனைக்கு வரவே இல்லை.

அவசியமாக்கினது ஒரு மரணம். 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் அப்பா எஸ்யூவியை ரிவர்ஸ் எடுத்தப்போ, பின்னால் நின்ன இரண்டு வயசு கேமரன் எந்தக் கண்ணாடியிலும் தெரியலை. பம்பரை ஒட்டி நிற்கிற குழந்தை தெரியாது, எவ்வளவு கவனமா பார்த்தாலும். 2008-ல் அவன் பெயரிலேயே அமெரிக்கச் சட்டம் வந்தது. அப்புறமும் செலவுக் கணக்கு பார்த்து விதியைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தாங்க. என் கோபம் அங்கேதான். அங்கே புதுக் கார்களுக்குப் பின் கேமரா முழுசா கட்டாயமானது 2018 மே மாதம்.