கோட்டைக்குள் ஒரு கையெழுத்து

ஸ்ரீவைகுண்டம் என்றதும் பலருக்குக் கள்ளபிரான் கோயில் நினைவுக்கு வரும், அல்லது தாமிரபரணி அணைக்கட்டு. பெண்கள் வரலாறு படிக்கும் எங்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு மண்கோட்டை. கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு சமூகம் தலைமுறை தலைமுறையாக அதற்குள் வாழ்ந்தது. பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை. பிற சாதி ஆண்கள் உள்ளே போவதில்லை. மானிடவியலாளர் கமலா கணேஷ் இதைப் பற்றி 1993இல் 'பவுண்டரி வால்ஸ்' என்ற நூலை எழுதினார். வெளியே வராத அந்தப் பெண்களுக்குச் சொத்தில் கணிசமான உரிமை இருந்தது என்பது அந்நூலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி. அடைத்துவைக்கப்பட்டவள் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொத்து இருந்ததால்தான் இத்தனை காவலோ என்றுகூடத் தோன்றும்.

இந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டோடு ஏறி இறங்குகிறவள் என்பதால், அந்த மதிலைச் சட்டத்தின் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தரங்க உரிமையை 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமையாக அறிவித்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தச் சொல் நம் நீதிமன்றங்களுக்குள் முதலில் நுழைந்தது ஆதாராலோ கைப்பேசியாலோ அல்ல. ஜன்னல் தகராறுகளால். பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக வராந்தா கட்டுகிறான், அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் முற்றம் தெரிகிறது என்று வழக்குகள் போயின. 1888இல் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதை வழக்காற்றால் வந்த உரிமை என்று ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டான் ஜன்னல் திறப்பது குற்றமல்ல, வேண்டுமானால் உன் மனையில் நீ சுவர் எழுப்பி மறைத்துக்கொள் என்ற போக்கு இங்கே 1860களிலேயே வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தார் அதற்கெல்லாம் முன்பே சுவர் எழுப்பியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு தீர்ப்புகளிலும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. காக்கப்பட்டது குடும்பத்தின் மானம்.

சுவருக்குள் இருப்பவளின் சொத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் பேசப்பட வேண்டிய கதை. திரைக்குப் பின்னால் இருந்து ஒரு விரல் நீளும், அதில் மை தடவிப் பத்திரத்தில் பதிப்பார்கள். பத்திரத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குச் சொல்கிறவன் காரியஸ்தன், தம்பி, அல்லது கணவன். லாபம் அடையப்போகிறவனும் அவனே.

1867இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு வழக்கை மாணவிகள் அவசியம் படிக்க வேண்டும். வங்காளத்தைச் சேர்ந்த ஷம்சுன்னிசா பேகம், கோஷாவில் இருந்தவர், தன் கணவர் புஸ்லூர் ரஹீம் மீதே வழக்குத் தொடுத்தார். அவரிடம் கம்பெனி காகிதம் இருந்தது; அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்கள், அன்றைய பணக்காரர்களின் முதலீடு. அவை கணவர் பெயருக்கு எழுதி மாற்றப்பட்டுவிட்டன. பணம் கொடுத்தே வாங்கினேன் என்றார் கணவர். பத்திரத்தின் முதுகில் பேகத்தின் ஒப்புதலும் இருந்தது. சாதாரணமாக வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் திரைக்குள் இருக்கும் பெண்ணிடமிருந்து சொத்து பெற்றவன், விலை கொடுத்ததையும் நேர்மையாக நடந்துகொண்டதையும் தானே நிரூபிக்க வேண்டும் என்றது பிரிவி கவுன்சில். கணவர் தோற்றார். நிரூபிக்கும் சுமை இடம் மாறியது.

அதே தீர்ப்பின் இன்னொரு பாதியைப் பலர் சொல்வதில்லை. மனைவி திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று கணவரும் ஒரு வழக்குப் போட்டிருந்தார். அப்படி வழக்குப் போடும் உரிமை முஸ்லிம் கணவனுக்கு உண்டு, மனைவி கொடுமையை நிரூபித்தால் மறுக்கலாம் என்றது அதே மன்றம். காகிதம் அவளுடையது, அவள் யாருடையவள் என்பது மட்டும் வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயம்!

இந்தச் சட்டத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் கார்னிலியா சொராப்ஜி. 1866இல் நாசிக்கில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் 1892இல் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். பட்டம் கையில் வர முப்பது ஆண்டுகள் ஆயின. ஊர் திரும்பியவரை வக்கீலாகப் பதிவுசெய்ய மறுத்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத் தேர்வில் தேறிய பிறகும் மறுத்தார்கள். கடைசியில் 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில், ஆண் வக்கீல் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குப் போய் ஆலோசனை சொல்லும் அதிகாரியானார். விதவை ராணிகளின் கணக்கைப் பார்த்தார், திவான்கள் சுருட்டியதைக் கண்டுபிடித்தார், வாரிசுச் சண்டைகளில் குழந்தைகளின் உயிருக்குக் காவல் தேடினார். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உதவியதாகச் சொல்வார்கள். இன்று பெருநகரச் சட்ட நிறுவனங்களில் அந்தரங்கம், நெருக்கடி, வெள்ளைக் காலர் குற்றம் என்று மூன்று துறைகளைப் பெயர்ப் பலகையில் போட்டுக்கொள்கிறார்கள். சொராப்ஜி இந்த மூன்றையும் பல்லக்கிலும் படகிலும் போய்ச் செய்தார். ஒரே வேறுபாடு, இன்று அந்தத் துறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காரியஸ்தன் பக்கம் நிற்கிறார்கள். அவன் கட்டணம் கொடுக்கக்கூடியவன்.

அவரைத் தேவதையாக்க எனக்கு விருப்பமில்லை. வெள்ளையர் ஆட்சியை ஆதரித்தார், காந்தியை எதிர்த்தார், காத்தரீன் மேயோவின் 'மதர் இந்தியா'வுக்குப் பரிந்து பேசினார். சுவர் இருக்கும்வரைதான் அவருக்கு வேலை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வக்கீல் தொழிலின் கதவைத் தட்டிய மற்றவர்களும் இருந்தார்கள். 1916இல் ரெஜினா குஹாவைக் கல்கத்தாவும், 1921இல் சுதாம்சுபாலா ஹஸ்ராவைப் பாட்னாவும் திருப்பி அனுப்பின. 1923இல் சட்டம் வந்தது. சென்னையில் பி. ஆனந்தபாய் 1929இல் பதிவு செய்தார்.

கோட்டையிலிருந்து குடும்பங்கள் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று என்னிடம் வரும் பெண்கள் திரைக்குள் இருப்பவர்கள் அல்ல, பி.காம். படித்தவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். தூத்துக்குடிப் பக்கம் உப்பு, மீன் ஏற்றுமதி, லாரி, கப்பல் ஏஜென்சி என்று எந்தக் குடும்பத் தொழிலை எடுத்தாலும், காகிதத்தில் ஒரு பெண் இயக்குநர் இருப்பாள். மனைவி, அண்ணி, சில சமயம் மாமியார். கம்பெனி ஆண்டுக் கணக்கை அவள் பார்த்திருக்க மாட்டாள். செக் திரும்பியதும் சம்மன் மட்டும் அவள் பெயருக்கும் வரும். "அவுக நீட்டுன இடத்துல போட்டேன், அக்கா" என்பார்கள். இதே வாக்கியத்தைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். ஷம்சுன்னிசா காலத்து நீதிபதிகள் இதைக் கேட்டிருந்தால் சுமையைக் கணவன் தலையில் வைத்திருப்பார்கள். இப்போது படித்த பெண், கோஷா இல்லை, ஆகவே கையெழுத்து கையெழுத்துதான்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 141ஆம் பிரிவுகளில் வந்த பெரிய தீர்ப்புகளின் பெயர்களைப் பாருங்கள். 2005இல் எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் எதிர் நீத்தா பல்லா. 2014இல் குன்மாலா சேல்ஸ் எதிர் அனு மேத்தா. இயக்குநரின் பொறுப்பைப் பேசும் இரண்டு முக்கிய வழக்குகளிலும் எதிர்த்தரப்பில் ஒரு பெண்ணின் பெயர். தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இயக்குநர் பதவியில் இருப்பது மட்டும் குற்றமாகாது, நிறுவனத்தின் அன்றாட நடவடிக்கைக்கு அவர் பொறுப்பானவர் என்று புகாரிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றது 2005 தீர்ப்பு. அந்த வரியை வைத்துப் பெண்களை வெளியே கொண்டுவர முடிகிறது. ஆனால் அதே தீர்ப்பு, நிர்வாக இயக்குநருக்கும் செக்கில் கையெழுத்திட்டவருக்கும் அந்தச் சலுகை இல்லை என்கிறது. ஆகவே வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது கம்பெனியைப் பற்றி அல்ல. செக் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எத்தனை தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள் என்றுதான். பெரும்பாலும் முழுப் புத்தகம் என்பார்கள்.