பனிமலையில் ஒரு தேடல்: ஆன்ரி கியோமே, 1930

தொலைந்ததைத் தேடுவது கண்ணின் தொழில் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் அந்தத் தேடல் வீண் என்று எழுதிவிடுவது வரலாற்றின் வழக்கம். ஆனால், தேடியவர்களின் கண்ணில் ஒருமுறைகூடப் படாத ஒரு மனிதர் தம் கால்களாலேயே மீண்டு வந்த நிகழ்ச்சியும் உண்டு. 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் அது நிகழ்ந்தது. தொலைந்தவர் ஆன்ரி கியோமே என்னும் பிரெஞ்சு விமானி. தேடிச் சென்றவர்களுள் ஒருவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. ‘குட்டி இளவரசன்’ நூலின் ஆசிரியராகத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவர்.

இருவரும் ஏரோபோஸ்தால் என்ற பிரெஞ்சு விமான அஞ்சல் நிறுவனத்தின் ஊழியர்கள். முதல் உலகப்போர் முடிந்த 1918இல் துலூஸ் நகரத்துத் தொழிலதிபர் லத்தேகோயேர் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது. ஸ்பெயின், மொரோக்கோ, டாக்கர் என்று நீண்ட அதன் வழித்தடம் தென் அமெரிக்காவை எட்டியது. 1929இல் ஆண்டீஸ் மலையைக் கடந்து சிலி நாட்டின் சாண்டியாகோ நகரையும் தொட்டது. அந்த விமானங்கள் சுமந்தவை கடிதங்கள். வணிகரின் கணக்கும் தாயின் நலவிசாரிப்பும் ஒரே பையில் கிடந்தன. அவை குறித்த நாளில் சேரவேண்டும் என்பதற்காக மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். இன்று இது பேதைமையாகத் தோன்றலாம். அவர்களுக்கோ அது தொழில் அறம்.

ஆண்டீஸ் தொடரின் உச்சியான அக்கோன்காகுவா 6,961 மீட்டர் உயரமுடையது. கியோமே ஓட்டிய பொத்தேஸ் 25 வகை விமானமோ ஒற்றை எந்திரமும் இரட்டை இறக்கையும் கொண்டது. விமானியின் இருக்கை திறந்தவெளியில் அமைந்தது. அத்தகைய விமானத்தைக் கொண்டு சிகரங்களைத் தாண்டுவது என்பதைவிட, சிகரங்களுக்கிடையே வழி கண்டு நுழைவது என்பதே பொருந்தும். மலையிடுக்கில் காற்று மேலே தூக்கினால் பிழைக்கலாம். கீழே இழுத்தால் எந்திரத்தின் வலிமை எடுபடாது.

1930 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது கடுங்குளிர் காலம். சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மெண்டோசா நோக்கி, அஞ்சல் பைகளுடன், தனியாக கியோமே புறப்பட்டார். அது அவருடைய 92ஆவது ஆண்டீஸ் கடப்பு. மலையின் சிலிப் பக்கத்தில் அப்போது அடித்த புயலில் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஐந்து மீட்டர் பனி விழுந்ததாக எக்சுபெரி எழுதுகிறார். மேகத்துக்கு மேலே வழி தேடிய விமானத்தைக் கீழிறங்கும் காற்று பற்றி இழுத்தது. மேகத்துக்குள் வீழ்ந்து, தட்டுத்தடுமாறி, கியோமே கண்ட ஒரே சமநிலம் லகூனா தெல் தியமாந்தே எனப்படும் வைர ஏரியின் கரை. மைப்போ எரிமலையின் அடியில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள ஏரி அது. எரிபொருள் தீரும்வரை அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். பின் தரையிறங்க முயன்றபோது விமானம் பனியில் குப்புறக் கவிழ்ந்தது.

விமானம் வந்து சேரவில்லை என்றதும் தேடல் தொடங்கியது. எக்சுபெரி அப்போது அந்நிறுவனத்தின் அர்ஜென்டினக் கிளையின் பொறுப்பாளர். அவரும், சாண்டியாகோ நிலையத்தைச் சேர்ந்த தெலே என்னும் விமானியும் ஆளுக்கொரு விமானத்தில் ஐந்து நாட்கள் மலைகளைத் துழாவினார்கள். பனிமலையில் தேடுவது கடலில் தேடுவதைவிடக் கொடியது. கடலின் பரப்பு ஒன்றே. மலைக்கோ ஆயிரம் மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிழலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிழலும் கவிழ்ந்த விமானம் போலவே தோன்றுகிறது. அருகில் சென்றால் பாறையாகிவிடுகிறது.

தரைவழியே சென்று தேடவும் ஆள் கிடைக்கவில்லை. பணத்துக்காக எந்த ஆபத்துக்கும் துணியும் கடத்தல்காரர்கள்கூட அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தார்கள். சிலி நாட்டு அதிகாரிகள் தேடலை நிறுத்திவிடுமாறு அறிவுரை கூறினார்கள். அவர்களின் கணக்கு எளிது: குளிர்காலம், விழுந்தவன் விழுந்தபோது பிழைத்திருந்தாலும் அந்த உயரத்தில் ஓர் இரவைக்கூடத் தாங்கமாட்டான். மலையை அறிந்தவர்கள் சொன்ன கணக்கு அது. ஆயினும் தேடியவர்கள் மறுநாளும் புறப்பட்டார்கள்.

கீழே கியோமே உயிருடன்தான் இருந்தார். நிற்கவிடாத புயலில், கவிழ்ந்த விமானத்தின் அடியில் பனியைத் தோண்டிப் பதுங்கி, அஞ்சல் பைகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு, இரண்டு நாட்கள் காத்திருந்தார். தேடிவந்த விமானத்தையும் கண்டார். அவ்வளவு தாழப் பறக்கத் துணிந்ததைக் கொண்டே அதை ஓட்டியவர் எக்சுபெரி என்று அறிந்துகொண்டதாகப் பின்னர் கூறினார். ஆனால், மேலிருந்தவருக்குக் கீழிருந்தவர் தெரியவில்லை. வெண்மையில் ஒரு மனிதன் ஒரு புள்ளிகூட இல்லை. தாம் காணப்படாததால் கிழக்கு நோக்கி நடப்பதாக விமானத்தின் உடற்பகுதியில் எழுதிவைத்துவிட்டு, அவர் நடக்கத் தொடங்கினார்.

ஐந்து பகல், நான்கு இரவு. கயிறு இல்லை, பனிக்கோடரி இல்லை. உணவு பெயருக்குச் சிறிது. உறங்கினால் விழிப்பு இல்லை என்பதால் உறக்கமும் இல்லை. பாதங்கள் உறைந்து வீங்க வீங்க, காலணிகளை நாளுக்கு நாள் மேலும் கிழித்துவிட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவர் முகங்குப்புற விழுந்தார், எழ விரும்பவில்லை. பனி அத்தனை இதமாக மரணத்தைத் தந்தது. அப்போது நினைவுக்கு வந்தவள் மனைவி. அவருடைய ஆயுள் காப்பீட்டுத் தொகை அவளை வறுமையிலிருந்து காக்கும். ஆனால் அங்கே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட நான்கு ஆண்டுகள் ஆகும். உடல் கிடைத்தால் மட்டுமே தொகை உடனே கிடைக்கும். தாம் கிடந்த சரிவிலோ, கோடையில் பனி உருகும்போது உடல் ஏதாவதொரு பள்ளத்தில் உருண்டு மறைந்துபோகும். ஐம்பது மீட்டர் தொலைவில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சாய்ந்து இறந்தால் கோடையில் வருவோர் கண்டெடுப்பார்கள். அந்தப் பாறையை அடைவதற்காக எழுந்தார். எழுந்தவர் மேலும் இரண்டு இரவும் மூன்று பகலும் நடந்தார்.

இந்நிகழ்ச்சியின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கியோமேயை எழுப்பியது உயிராசை அன்று. உயிராசை அதற்கு முன்பே அவரைக் கைவிட்டுவிட்டது. தம்மைத் தேடுவோருக்குத் தம் உடலாவது கிடைக்கவேண்டும் என்ற கடமையுணர்வே எழுப்பியது. நடந்தபோது அவர் ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணினார்: தாம் உயிரோடிருப்பதாக மனைவி நம்பினால் தாம் நடப்பதாகவும் நம்புவாள், தோழர்களும் அவ்வாறே நம்புவார்கள், அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவது கயமை. பிசிராந்தையார் வருவார் என்று கோப்பெருஞ்சோழன் இடம் ஒதுக்கி வைத்த மரபில் வந்தவர்களுக்கு இந்த மனநிலை அயலானதன்று. ஒருவர்மீது மற்றவர் வைக்கும் நம்பிக்கை, நம்பப்பட்டவரின் கால்களில் நடையாகிறது.

ஜூன் 19 அன்று காலை, மலையடிவாரத்தில் வாழ்ந்த எளிய குடும்பமொன்றைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அவரைக் கண்டான். விமானங்களால் ஐந்து நாட்களில் காண முடியாதவரை இறுதியில் கண்டது அந்தச் சிறுவனின் கண்கள். செய்தி மெண்டோசாவை எட்டியபோது எக்சுபெரி ஓர் உணவகத்தில் இருந்தார். முன்பின் அறியாதவர்கள்கூட ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்களாம். உடனே விமானத்தில் கிளம்பிய அவர், கியோமேயைக் கொண்டுவந்த காரைச் சாலையில் அடையாளம் கண்டு, அதனருகிலேயே தரையிறங்கினார்.

பிறகு வந்தவை எழுத்துகள். இந்தச் சாகசத்தைப் பற்றி வந்த ஒரு கட்டுரை, ஆபத்தின் நடுவே கேலி பேசிச் சிரிக்கும் தெருப்பையனாக கியோமேயைச் சித்திரித்திருந்தது. அதைப் படித்து எக்சுபெரி வருந்தினார். 1939இல் வெளிவந்த, ‘மனிதர்களின் பூமி’ என்று பொருள்படும் தலைப்புடைய நூலில் அதற்கு விடையளித்தார். மரணத்தைத் துச்சமாக எண்ணுவதில் அவர் பெருமை காணவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கடிதங்களுக்கும், காத்திருக்கும் தோழர்களுக்கும் தாம் பொறுப்பு என்று உணர்வதே கியோமேயின் பெருமை என்றார். எழுதுவோர் எண்ணிப் பார்க்கவேண்டிய வேறுபாடு இது. வீரனைப் புகழ முற்பட்ட எழுத்து மனிதனைத் தொலைத்தது. அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட எழுத்து அவனை மீட்டது. வானிலிருந்து தேடியபோது எக்சுபெரிக்குக் கிட்டாத தோழர், ஒன்பது ஆண்டுகள் கழித்து மொழியில் கிட்டினார்.

காலம் இக்கதைக்கு வேறொரு முடிவை வைத்திருந்தது. ஆண்டீஸ் மலையை மொத்தம் 393 முறை கடந்த கியோமே, 1940 நவம்பர் 27 அன்று மத்தியதரைக் கடலின்மீது பறக்கையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். 1944 ஜூலை 31 அன்று கார்சிகா தீவிலிருந்து வேவுப்பணிக்காகத் தனியே பறந்து சென்ற எக்சுபெரி திரும்பவே இல்லை. அரைநூற்றாண்டுக்கும் மேலாக அவர் மறைந்த இடம் அறியப்படாதிருந்தது. 1998இல் மார்செய் நகரை அடுத்த கடலில் ஒரு மீனவரின் வலையில் எக்சுபெரியின் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. 2000இல் அப்பகுதியில் கண்டறியப்பட்ட விமானச் சிதைவு அவருடையதே என்று 2004இல் உறுதியாயிற்று. தம் உடல் கிடைக்கவேண்டுமே என்று ஐம்பது மீட்டர் நடக்க எழுந்தவரையும், அவரைத் தேடி ஐந்து நாட்கள் பறந்தவரையும் ஒரே கடல்தான் வாங்கிக்கொண்டது.

‘மனிதர்களின் பூமி’ நூலை எக்சுபெரி தம் தோழர் ஆன்ரி கியோமேக்கே காணிக்கையாக்கியிருந்தார். அப்போது இருவரும் உயிரோடிருந்தார்கள். இறந்தபின் பாடும் கையறுநிலையாக அன்றி, உடனிருக்கும்போதே ஒரு தோழனை அறிந்து எழுதிய எழுத்தாக அந்நூல் இன்றும் நிலைத்திருக்கிறது.