அரிதான நோயா, காணப்படாத நோயா?

மூளைத் தமனியின் சுவர் நலிவுற்ற இடத்தில் குமிழ்போலப் புடைப்பதை மருத்துவம் அனியூரிசம் என்கிறது. விரிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும் அப்புடைப்பு வெடித்தால், மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கிடையே குருதி பரவும். அதுவரை அறிந்திராத கடுந்தலைவலி நொடிப்பொழுதில் தாக்கும்.

இந்நோய் இந்தியர்களிடம் அரிது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரம்பியல் அறுவை மருத்துவர்களிடையே நிலவியது. இந்தியாவில் இதன் பரவலைக் குறித்துச் சென்னையின் பி. ராமமூர்த்தி 1969இல் தனிக் கட்டுரையே வெளியிட்டார். அக்கருத்தை மதிப்பிட விரும்புவோர், நோயைக் காணும் வழிகள் இங்கு எப்போது வந்தன என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

உயிருள்ளவரின் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் காட்டும் ஆஞ்சியோகிராம் முறையை எகாஸ் மோனிஸ் 1927இல் லிஸ்பனில் உருவாக்கினார். பத்தாண்டு கழித்து, பால்டிமோரில் வால்டர் டாண்டி புடைப்பின் கழுத்தை வெள்ளிக் கிளிப்பால் இறுக்கி மூடினார். இந்தியாவிலோ, முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949இல்தான் வேலூரில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது; சென்னையில் ராமமூர்த்தி 1950இல் தொடங்கினார். பெங்களூரில் அத்துறை வேரூன்றிய இடம், 1954இல் மனநலத்திற்கென நிறுவப்பட்ட அகில இந்திய நிறுவனம். அங்கே 1950களின் இறுதியில் அதனை வளர்த்த ஆர். மார்த்தாண்ட வர்மாவே, அந்நிறுவனமும் மாநில மனநல மருத்துவமனையும் இணைந்து 1974இல் உருவான நிம்ஹான்ஸின் முதல் இயக்குநரானார்.

ஆக, பரந்த நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க நகரங்களிலேயே இப்புடைப்பைக் காண இயன்றது. வெடித்த புடைப்பு மீண்டும் கசியும் வாய்ப்பு முதல் நாளிலேயே மிகுதி. பெங்களூருக்கோ வேலூருக்கோ வந்துசேருமுன் இறந்தவர் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் இடம்பெறார். பிரேதப் பரிசோதனையும் நடவாதபோது, அம்மரணத்தின் காரணம் பெயரின்றியே போகும். மருத்துவமனைப் பதிவேடு நோயின் பரவலை மட்டும் அளப்பதில்லை. மருத்துவமனைக்குள்ள தொலைவையும் சேர்த்தே அளக்கிறது.

சிகிச்சையின் பிற்கால வரலாற்றுக்கும் இது பொருந்தும். மண்டையோட்டைத் திறவாமல், தொடைத் தமனி வழியே நுண்குழாய் செலுத்திப் புடைப்பை உலோகச் சுருள்களால் நிரப்பும் முறையை குக்லியெல்மி 1990களின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். 2,143 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 2002இல் தன் முடிவை வெளியிட்டது: ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் கிளிப் சிகிச்சையில் 30.6 விழுக்காடு, சுருள் சிகிச்சையில் 23.7 விழுக்காடு. இரண்டில் எதுவும் ஏற்றதென மருத்துவர்கள் கருதிய நோயாளிகளிடமே அந்த ஒப்பீடு நிகழ்ந்தது. எல்லாப் புடைப்புக்கும் அது விதியாகாது. மேலும், உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தவர்க்கே இத்தெரிவு உண்டு.

எனவே, 'அரிது' என்று ஒரு பழைய மருத்துவக் கட்டுரை கூறுமிடத்தில், யார் கண்ணில் அரிது, எந்த ஊரில் இருந்து பார்க்கையில் அரிது என்னும் வினாக்களை வரலாற்று மாணவர் எழுப்புதல் வேண்டும்.