தர்மாம்புதி ஏரியும் நம் குழாயடியும்

சிட்டி ரயில் நிலையம் என்று நாம் இன்றும் அழைக்கும் நிலையத்தைவிட்டு எதிரேயுள்ள பேருந்து நிலையத்திற்குச் செல்லும் அன்பர்கள், தாம் ஓர் ஏரிப் படுகையில் நிற்பதை எண்ணுவதில்லை. அவ்வேரியே தர்மாம்புதி.

பெங்களூருக்கு அருகில் பேராறு கிடையாது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலுள்ள மேட்டு நிலமாதலின், பெய்யும் மழை பல திசைகளிலும் ஓடிவிடும். ஆகவே, 1537இல் நகர் கண்ட கெம்பெகௌடர் முதலானோர் ஏரிகள் அமைத்தனர். ஏரி நிறையக் கிணறு ஊறியது, மக்கள் பருகினர்.

1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் மழையை மட்டுமே நம்பிய வாழ்வின் வலுவின்மையைக் காட்டிற்று. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரி நீர் 1896இல் குழாய்வழி நகரை அடைந்தது. செங்கற் கால்வாயில் சோலதேவனஹள்ளிக்கு வந்த நீரை நீராவிப் பொறிகள் மேலேற்றின. (நீராவி என்றால் ரயில்வேக்காரனுக்குத் தனிப் பாசம்!) வடிகட்டிய நீர் வீட்டருகே கிடைத்தது பெரும் பேறே. ஆனால் குழாய் வந்தபின் ஏரியை யார் நினைத்தார்? வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. தர்மாம்புதி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று.

ஹெசரகட்டாவும் வற்றவே, 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை எழுந்தது. பிற்காலத்தில் அந்நீரையும் கழிவு கெடுத்தது. 1974 முதல் காவிரி வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வரும் நீர் அது. அருகிலுள்ளதைக் கெடுத்துவிட்டுத் தொலைவிலுள்ளதை நாடுவதே இந்நகரின் வழக்கமாயிற்று என்பது என் கருத்து.

2024 கோடையில் நகரின் சுமார் 14,000 அரசுக் குழாய்க் கிணறுகளில் ஏறத்தாழ 6,900 வறண்டன. அவ்வாண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டம் தொடங்கிற்று. உலகில் 2022இல் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை எனக் கணக்கிட்டனர். அக்கணக்கின் பொருளை நாம் அக்கோடையில் உணர்ந்தோம். இரவு பத்து மணிக்கு லாரி வரும் ஓசை கேட்டு, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் குடத்துடன் ஓடினார்கள்.

நம் காலனிப் பிள்ளையார் கோயிலின் பின்னுள்ள கிணறு இன்னும் குப்பை மூடிக் கிடக்கின்றது. அதனைத் தூர்வாரும் பேச்சு பொதுக்குழுவில் இருமுறை எழுந்து, தேநீர் வந்ததும் நின்றுபோயிற்று.