தமிழ்நாட்டில் மாணவர் ராக்கெட் முயற்சிகள்

தமிழ்நாட்டின் கல்லூரி, பள்ளி மாணவர்கள் செயற்கைக்கோள்களையும் ராக்கெட்டுகளையும் உருவாக்க மேற்கொண்ட முயற்சிகள் 2000-களின் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கின. சென்னை, செங்கல்பட்டு, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்வி நிறுவனங்கள் இதில் முன்னின்றன. விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் பங்கு பெரும்பாலும் அங்கு படித்து வெளியே சென்ற பொறியாளர்கள் வழியாக அமைந்தது. மாணவர் செயற்கைக்கோள் 2009-லேயே விண்ணை அடைந்தது. மாணவர்கள் பங்கேற்ற ராக்கெட் தமிழகக் கடற்கரையிலிருந்து எழ 2023 ஆயிற்று.

உயர்திறன் ராக்கெட்

தீபாவளி வாணத்தைவிடப் பலமடங்கு ஆற்றல் கொண்டதும், விண்வெளி நிறுவனங்களின் ஏவூர்திகளைவிட மிகச் சிறியதுமான ராக்கெட் வகை உயர்திறன் ராக்கெட் எனப்படுகிறது. அமெரிக்காவின் தேசிய ராக்கெட் கழகம், டிரிப்போலி ராக்கெட் கழகம் ஆகியவை இதற்கான விதிகளை வகுத்துள்ளன. ராக்கெட் மோட்டாரின் மொத்த உந்தம் எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் உந்தத்தின் உச்ச வரம்பு இருமடங்காகும். 160 நியூட்டன்-நொடியைக் கடக்கும் 'எச்' வகை முதல் உயர்திறன் பிரிவு தொடங்குகிறது. இவற்றை ஏவுபவர் மூன்று நிலைகளில் சான்றிதழ் பெறவேண்டும்.

மாணவர் அணியின் திறமை ராக்கெட்டை மேலே அனுப்புவதில் மட்டுமல்ல, அதைச் சேதமின்றித் திரும்பப் பெறுவதிலும் சோதிக்கப்படுகிறது. ராக்கெட்டில் உள்ள சிறு கணினி, காற்றழுத்தமானி, முடுக்கமானி ஆகியவற்றின் உதவியால் உச்ச உயரத்தை உணர்ந்து முதலில் ஒரு சிறிய பாராசூட்டை விரிக்கும். தரைக்கு அருகே வந்ததும் பெரிய பாராசூட் விரியும். முதல் பாராசூட் சில நொடிகள் பிந்தினால் ராக்கெட் தலைகீழாக வேகமெடுத்துச் சிதறிவிடும்.

அமெரிக்காவில் 2006 முதல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ராக்கெட் பொறியியல் போட்டி நடைபெறுகிறது. இதில் 10,000 அடி, 30,000 அடி ஆகிய உயரங்களை இலக்காகக் கொண்ட பிரிவுகள் உள்ளன. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் 2019 ஏப்ரலில் ஏவிய 'டிராவலர்-4' ராக்கெட் 100 கிலோமீட்டர் உயரத்தைக் கடந்தது. மாணவர்களே வடிவமைத்து விண்வெளி எல்லையைத் தாண்டச் செய்த முதல் ராக்கெட் அது.

முதல் செயற்கைக்கோள்கள்

சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி, தமிழகத்தில் வானூர்திப் பொறியியல் கல்வியின் தொடக்கங்களுள் ஒன்று. ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் இங்கு வானூர்திப் பொறியியல் பயின்றவர். பின்னர் இக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமாகியது. இந்த வளாகத்தில் இஸ்ரோவின் உதவியுடன் உருவான 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏவப்பட்டது. சுமார் 40 கிலோ எடை கொண்ட இது இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள்.

அனுசாட்டைத் தொடர்ந்து காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் (2011), சென்னை சத்யபாமா பல்கலைக்கழகத்தின் சத்யபாமாசாட் (2016), கன்னியாகுமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் (2017) ஆகியவை ஏவப்பட்டன. நான்கும் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் வேறு பெரிய செயற்கைக்கோள்களுடன் சென்றவை.

ராக்கெட் இன்னொருவருடையதாக இருப்பதன் இழப்பு 2022 ஆகஸ்ட் 7 அன்று வெளிப்பட்டது. இந்தியா முழுவதிலுமிருந்து 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்களித்த 'ஆசாதிசாட்' அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏவப்பட்டது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பள்ளி மாணவியரும் இதில் பங்கேற்றனர். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வால் ராக்கெட்டின் உணர்விகளின் அளவீடுகள் பிழையெனக் கணிக்கப்பட்டன. செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, பூமியை 76 கிலோமீட்டர் வரை நெருங்கும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டு அழிந்தன. மாணவியரின் கருவிகளில் குறை காணப்படவில்லை. மறுபடியும் உருவாக்கப்பட்ட 'ஆசாதிசாட்-2' 2023 பிப்ரவரி 10 அன்று வெற்றிகரமாக ஏவப்பட்டது.

ராக்கெட் தாமதமானதன் காரணங்கள்

செயற்கைக்கோளை ஆய்வகத்தில் செய்து முடிக்கலாம். ராக்கெட்டுக்கு எரிபொருள், நிலம், அனுமதி ஆகிய மூன்றும் தேவை.

திட எரிபொருள் மோட்டார்களில் அம்மோனியம் பெர்குளோரேட் பயன்படுகிறது. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற ஆர்வலர்கள் ஆயத்த மோட்டார்களைக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் வெடிபொருட்கள் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படியும் கட்டுப்படுத்தப்படுகின்றன. ராக்கெட் விழக்கூடிய பரப்பில் மக்கள் இருக்கக்கூடாது. வயலும் ஊரும் நெருங்கிக் கிடக்கும் தமிழகத்தில் அத்தகைய வெற்றுநிலம் அரிது. கடலை நோக்கி ஏவினால் மீனவர்களுக்கு முன்னறிவிப்பு தரவேண்டும். விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும்.

இத்தடைகளால் மாணவர் அணிகள் அமெரிக்கப் போட்டியை நாடின. ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'அபியுதய்', கர்நாடகத்தில் மணிப்பால் தொழில்நுட்பக் கல்லூரியின் 'திரஸ்ட்எம்ஐடி' ஆகியவை அத்தகைய அணிகள். ராக்கெட்டின் செலவுடன் கடல்கடந்த பயணம், விசா, தங்குமிடம் ஆகிய செலவுகளும் சேர்வதால் வசதி குறைந்த கல்லூரிகளுக்கு இவ்வழி எளிதல்ல.

கிழக்குக் கடற்கரை ஏவுதல்கள்

2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. அனுமதி வழங்கும் அமைப்பாக இன்-ஸ்பேஸ் உருவானது. 2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரம் அருகே பட்டிபுலம் கடற்கரையிலிருந்து அப்துல் கலாம் பெயரிலான மாணவர் ராக்கெட் ஏவப்பட்டது. மார்ட்டின் அறக்கட்டளை, அப்துல் கலாம் சர்வதேச அறக்கட்டளை, ஸ்பேஸ் ஜோன் இந்தியா நிறுவனம் ஆகியவை இதை நடத்தின. இந்தியாவெங்கிலுமிருந்து 5,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் 150 சிறிய ஆய்வுக் கலன்களை உருவாக்கினர். தேர்ந்தெடுக்கப்பட்ட 100 மாணவர்கள் ராக்கெட் உருவாக்கத்தில் பங்கேற்றதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர். 2024 ஆகஸ்ட் 24 அன்று கோவளம் அருகே திருவிடந்தையிலிருந்து, மீண்டும் பயன்படுத்தத்தக்க 'ரூமி-1' நடமாடும் ஏவுதளத்தில் ஏவப்பட்டது.

இவ்விரண்டும் கலப்பின ராக்கெட்டுகள். கலப்பின மோட்டாரில் எரிபொருள் திடமாகவும், அதை எரிக்க உதவும் ஆக்சிஜனேற்றி திரவமாகவோ வாயுவாகவோ தனிக்கலனிலும் இருக்கும். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை வெடிக்கும் ஆபத்து குறைவு. வால்வை மூடி எரிதலை நிறுத்தவும் முடியும். எரிபொருள் குறித்த முதல் தடையைக் கலப்பின முறையும், நிலம் குறித்த இரண்டாம் தடையைக் கடற்கரையும் ஓரளவு நீக்கின.

விழுப்புரமும் திண்டிவனமும்

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தபின் அங்கேயே பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பை முடித்தார். பின்னர் சென்னையில் பொறியியல் பட்டமும், திருச்சியில் முதுநிலைப் பட்டமும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டமும் பெற்றார். தமிழக அரசு அளித்த 25 லட்சம் ரூபாய் பரிசைத் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவற்றுள் விழுப்புரம் பாலிடெக்னிக்கும் ஒன்று.

அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செயல்படுகின்றன. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரை உள்ளது. பட்டிபுலமும் திருவிடந்தையும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அமைந்தவை.

இன்றைய நிலை

ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. அதன் எந்திரம் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்யப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் இன்-ஸ்பேஸ் ஆதரவுடன் மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டி நடைபெற்றது.

செயற்கைக்கோள் வரலாற்றில் மாணவர்களுக்கு இஸ்ரோ இடம் தந்ததே திருப்புமுனையாக இருந்தது. ராக்கெட் வரலாற்றில் அதற்கு இணையானது, சிறிய ஊர்க் கல்லூரிகளும் முறையான அனுமதியுடன் சென்று ஏவக்கூடிய பொதுவான களம். குஷிநகர் போட்டி அதன் தொடக்கமாகக் கருதத்தக்கது.